கொடிக்கயிறு யார் கையில்?

குடவோலை கண்ட குலம் நாம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவோம், ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுதும் படித்துவிட்டு முழங்குவோம்! முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. குடத்தில் பெயர் விழ வேண்டுமா? வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். ஏர் பிடித்தவன் பெயர் அந்தக் குடத்தில் ஏது? பெண்ணின் பெயர்தான் ஏது?

மன்றம் எந்த ஆட்சியிலும் உண்டு, தோழர்களே! பாகிஸ்தானில் படைத்தலைவர் அயூப்கான் 1959இல் 'அடிப்படை ஜனநாயகம்' என்றோர் ஏற்பாடு செய்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் 80,000 பேர். 1960இல் அவர்களிடமே தம் தலைமைக்கு ஒப்புதல் கேட்டார். எதிர்த்து நிற்க ஒருவருமில்லை, வெல்லாதிருக்க வழியேது?

நம் நாட்டில் 1992இல் 73ஆவது திருத்தம் வந்தது. ஊராட்சிகளில் பெண்களுக்கும் பட்டியலினத்தாருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. நல்ல சட்டம், ஐயமில்லை. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் செல்லும்போதெல்லாம் நாம் புகைபோக்கிகளைப் பார்க்கிறோம். இரும்பை உருக்கும் உலைகள் அங்கே உண்டு. சாதியை உருக்கும் உலை?

அங்கேயுள்ள ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவர், தேர்தலில் வென்ற பட்டியலினப் பெண். 2020 ஆகஸ்டு 15 அன்று தேசியக் கொடியேற்ற அவரை விடவில்லை! வாக்குச் சீட்டு தந்த உரிமையைச் சாதி வழிமறித்தது. செய்தி பரவியது. சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியரே நேரில் வந்தார்; அவர் முன்னிலையில் அந்தத் தலைவர் கொடியேற்றினார்.

மகிழ்ந்தோம், ஆனால் ஒன்று உறுத்தியது. கலெக்டர் பதவி, 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்கத்தில் வரி தண்டக் கண்ட பதவி. மக்கள் வாக்கில் பிறந்ததன்று. மக்கள் தேர்ந்த தலைவருக்குக் கயிற்றைப் பெற்றுத்தர, கும்பினியார் கண்ட நாற்காலி எழுந்து வர வேண்டியிருந்தது! ஊர் மன்றம் என்ன செய்துகொண்டிருந்தது? அக்கம்பக்கத்தார் என்ன செய்துகொண்டிருந்தனர்?

அந்த வாக்குப்பதிவும் எளிதில் வரவில்லை. 2016இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல். இடைப்பட்ட மூன்றாண்டும் தனி அலுவலர் ஆட்சி. 2025 ஜனவரியில் அந்த ஐந்தாண்டும் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்களே வந்தமர்ந்தனர். அவர்களுக்கு எந்தச் சேரியும் வாக்களித்ததில்லை.