சான்றிதழ் வாங்குமுன்...

எங்கள் சூளகிரியில் வளரும் பிள்ளை வீட்டில் உருதும், கடைவீதியில் தெலுங்கும் கன்னடமும், பள்ளியில் தமிழும் கேட்கிறது. பிறமொழி கற்றல் நம்மவர்க்குப் புதிதன்று. இன்று நம் பட்டதாரிப் பெண்மக்கள் சிலர், அயல்நாட்டார்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியை நாடுகின்றனர். என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தியின் தந்தை, அதற்கென நகையை அடகு வைக்க முனைந்து, எந்தச் சான்றிதழ் நன்று என வினவினார்.

விளம்பரங்கள் பலவும் '120 மணி நேரப் பயிற்சி' என்கின்றன. கேம்பிரிட்ஜின் 'செல்ட்டா'வும் ஏறத்தாழ அவ்வளவே. ஆயினும் அதில் 6 மணி நேரம் மெய்யான மாணவர்க்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்; பயிற்றுநர் பார்த்து மதிப்பிடுவார். வேறுபாடு இதுதான். உஸ்தாத் முன் ஓதிக் காட்டாதவருக்கு இஜாஸா கிடைப்பதுண்டா?

'ஐஇஎல்டிஎஸ்' என்பது நம் மொழித்திறனை அளக்கும் தேர்வு; கற்பிக்கும் தகுதியன்று. வெளிநாடுகளிலுள்ள இந்தியப் பள்ளிகள் பி.எட். கேட்பதே வழக்கம். 1958இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட ஆங்கில நிறுவனம், 2007 முதல் மத்தியப் பல்கலைக்கழகம். அயல்நாட்டாரும் ஆங்கிலம் கற்க அங்கு வருகின்றனர். ஆங்கிலம் கற்பித்தலுக்கான படிப்புகளும் அங்குண்டு.

ஆகவே, பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த நாட்டில் பணி? அங்கு இச்சான்றிதழ் செல்லுமா? கற்பிக்கும் பயிற்சி எத்தனை மணி நேரம்?

அதுவரை, ஓசூர்த் தொழிற்சாலைகளை நாடி வந்த வடமாநிலத்தார் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள். தமிழறியாப் பிள்ளைக்குப் பாடம் புரியவைக்கும் அனுபவம், எந்தச் சான்றிதழுக்கும் முந்தைய தகுதியாகும்.