திருச்சிலுவைக் குன்றும் எங்கள் பாட்டியாரும்

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால் மணப்பாடு. ஆலந்தலை, குலசேகரன்பட்டினம் ஆகிய ஊர்களைக் கடந்ததும், கடலுக்குள் நீண்டு கிடக்கும் குன்றும் அதன்மேல் திருச்சிலுவைக் கோவிலும் தென்படும். சென்ற செப்டம்பர்த் திங்களில், திருநாளுக்கு இரண்டு நாட்கள் முன்பாக, உடன்பிறந்தார் மூவர் நாங்கள் அவ்வூரில் போய் இறங்கினோம். எங்கள் தந்தையின் தாயார் பிறந்ததும், வாழ்க்கைப்பட்டதும், எழுபத்தொன்பது வயது வரை வாழ்ந்ததும் அங்கேதான். அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இவ்வளவு காலம் கழித்தா வந்தீர்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

குன்றின்மேல் கோவில் எழுந்தது 1581-ஆம் ஆண்டு. அதற்கு முன்பே, புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் தலைவன், தன் நேர்த்திக்கடனாக முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி அங்கே நாட்டினான் என்பது வழிவழி வந்த செய்தி. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், குன்றின் கடற்பக்கமுள்ள குகையில் தங்கிச் செபித்தார். எங்கள் பாட்டியார் இவற்றை வரலாறாகச் சொல்லமாட்டார். சவேரியார் ஏதோ அடுத்த தெருவில் குடியிருந்தவர் போலவும், தமிழ்ச் செபங்களை மனப்பாடம் செய்ய அவர் பட்ட பாட்டைத் தாமே அருகிருந்து பார்த்தவர் போலவும் சொல்லுவார். "பாவம், நாக்கு திரும்பாது அவருக்கு" என்று இரங்குவார்.

அந்தக் குகைக்குள் ஒரு சிறு கிணறு உண்டு. வெளியே அலை பாறையில் மோதுகிறது. உள்ளே கிணற்று நீர் உப்புக் கரிப்பதில்லை. நாங்கள் மூவரும் ஒரு கை அள்ளிப் பருகினோம். சென்னை வீட்டில் பாட்டியாரின் தலைமாட்டில் இந்தத் தண்ணீர் ஒரு பழைய மருந்துப் புட்டியில் இருந்தது. காய்ச்சல் என்றால் நெற்றியில் தொட்டுச் சிலுவை போடுவார். புட்டியில் நீர் குறையக் குறைய, தொடும் துளியும் சிறுத்துக்கொண்டே வந்தது. அதன் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

பாட்டியார் 1909-இல் பிறந்தவர். தூத்துக்குடி மறைமாவட்டம் உருவான 1923-இல் அவருக்கு வயது பதினான்கு. இலத்தீன் வழிபாட்டு முறையில் முதல் இந்திய ஆயர் எனப் போற்றப்படும் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையை அவர் கடைசிவரை 'நம்ம ஆண்டவர்' என்றே குறிப்பிடுவார். பதினேழு வயதில் திருமணம். மணப்பாட்டு ஆண்கள் பலரைப் போலப் பாட்டனாரும் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்கு வணிகம் செய்யப் போனவர். இன்றும் அவ்வூர்த் தெருக்களில் உயர்ந்த தூண்களோடு நிற்கும் பெரிய வீடுகளைக் காணலாம். கொழும்புப் பணம் கட்டிய வீடுகள் அவை. எங்கள் வீடு அவ்வளவு பெரியதன்று. 1951-இல் பாட்டனார் காலமானார். கடையும் கைவிட்டுப் போயிற்று. பிள்ளைகள் ஆறு பேர்.

அதன் பின் அந்தக் குடும்பத்தைத் தாங்கியது பனையோலை. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, சாயத்தில் கொதிக்கவைத்துப் பின்னவேண்டும். பெட்டி, கொட்டான், விசிறி என்று இரவெல்லாம் பின்னுவார்; செபமாலை சொல்லிக்கொண்டே பின்னுவார். விரல் நுனிகள் எவ்வளவு மரத்திருந்தன என்றால், அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தைத் துணியின்றி இறக்குவார். ஆறு பிள்ளைகளும் படித்தது அப்படித்தான். இலத்தீன் பூசையின் பதில்களைப் பொருள் தெரியாமலே காதால் கற்றிருந்தவர், 1960-களில் தமிழ்ப் பூசை வந்தபோது, "இத்தனை நாளும் இதைத்தானா சொல்லிக்கிட்டிருந்தோம்!" என்று வியந்தாராம்.

1988-இல் எங்கள் தந்தையார் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். தனியே விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்ற கவலை; அதில் தவறில்லை. ஒரே ஒரு நிபந்தனையோடு பாட்டியார் வந்தார்: ஆண்டுதோறும் திருச்சிலுவைத் திருநாளுக்கு ஊருக்கு அழைத்துச் செல்லவேண்டும். திருநாள் செப்டம்பர் 14. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அது எந்தக் காலம் என்று சொல்லவேண்டியதில்லை. முதலாண்டு எங்களில் ஒருவருக்குக் காலாண்டுத் தேர்வு. மறு ஆண்டு இருவருக்கு. பிறகு தந்தையாருக்கு விடுப்பில்லை. அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று பதின்மூன்று திருநாட்கள் கழிந்தன. தேர்வில் நாங்கள் வாங்கிய மதிப்பெண்களோ, சொல்லத் தக்கவை அல்ல. 2001-இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில், பாட்டியார் சென்னையிலேயே கண்ணை மூடினார். அங்கேயே அடக்கம் நடந்தது.

பழைய வீட்டை வேறொருவர் வாங்கித் திண்ணையை இடித்திருந்தார். தெருவில் தயங்கி நின்ற எங்களை எதிர்வீட்டு அம்மையார் ஒருவர் உற்றுப் பார்த்தார். எண்பது வயதிருக்கும். "பெரியம்மா பேரப்பிள்ளைகளா? முகச்சாடை சொல்லுதே. உள்ளே வாங்க மக்கா" என்றார். கருப்பட்டிக் காப்பி வந்தது. உறவு கேட்டார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். பின்னர் உள்ளே போய், மூடியுள்ள ஓலைப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். பாட்டியார் பின்னியது. அதற்குள் அஞ்சலட்டைகள்; ஆண்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. கடைசி ஆண்டு எழுதக் கை ஒத்துழைக்கவில்லை போலும்.

எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை, படிப்புதான் முக்கியம். அடுத்த திருநாளுக்குக் கட்டாயம் வருவேன். எனக்காக ஒரு மெழுகுதிரி ஏற்று. எங்கள்மேல் ஒரு குறைச்சொல் எந்த அட்டையிலும் இல்லை. ஓர் அட்டையில், "என்னை நல்லா வச்சிருக்காங்க, ஊர்ல யாரும் தப்பா நினைக்கக்கூடாது" என்று எழுதியிருந்தார். அதை உரக்கப் படித்த எங்கள் தமக்கையால் மேலே படிக்க இயலவில்லை.

"மெழுகுதிரி?" என்று கேட்டோம்.

"ஒரு வருஷமும் விடலை. அவுக போன பிறகும் ஏத்துறேன். சொல்லிட்டாகல்லா" என்றார் அம்மையார், காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டே.

மாலையில் அவரையும் அழைத்துக்கொண்டு குன்றேறினோம். மணல் காலை வாங்கியது. அவரோ எங்களுக்கு முன்னே நடந்தார். கோவிலில் திருச்சிலுவையின் அருளிக்கத்தை வணங்கினோம். அம்மையார் தம் மெழுகுதிரியைத் தாமே ஏற்றினார், எங்களிடம் கொடுக்கவில்லை. நாங்கள் வேறு மூன்று வாங்கி ஏற்றினோம். பிறகு பாட்டியாருக்காகத் திருப்பலி ஒன்று ஒப்புக்கொடுக்கப் பெயர் எழுதச் சென்றோம். எழுதிக்கொண்டிருந்த இளைஞர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, "எந்த ஊர்?" என்றார்.

"சென்னை" என்று எங்களில் ஒருவர் தொடங்குமுன் அம்மையார் குறுக்கிட்டார். "மணப்பாடுன்னு எழுதும் தம்பி. பெரியம்மா வேற எந்த ஊரு?"

இளைஞர் அப்படியே எழுதினார். நாங்கள் காணிக்கையைச் செலுத்திவிட்டு, இருட்டுமுன் குகைக்கு மீண்டும் இறங்கிப் புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டோம்.