கிருஷ்ணன் வேண்டாம் என்ற பணம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவாமி படங்களுக்கு அடுத்தபடியாக ஒரு டென்னிஸ் வீரரின் படம் தொங்குகிறது. பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தாத்தா மாட்டியது. வெள்ளைச் சட்டை, வெள்ளை அரைக்கால் சட்டை, கையில் மர மட்டை, சற்றே பூசினாற்போன்ற உடம்பு. வீட்டுக்கு வரும் வங்காள நண்பர்கள் "உங்கள் மாமாவா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று சின்ன வயதில் எனக்கு ஆசை இருந்தது உண்டு.

அவர் ராமநாதன் கிருஷ்ணன். 1937 ஏப்ரல் 11-ஆம் தேதி நாகர்கோவிலில் பிறந்தவர். தாத்தாவின் கிராமம் நாகர்கோவிலுக்கு ஐந்து மைல். உறவு கொண்டாடுவதற்குத் தாத்தாவுக்கு அந்த ஐந்து மைல் போதுமானதாக இருந்தது. 1964-இல், இருபது வயதில், டைப்ரைட்டிங் சான்றிதழும் சுருக்கெழுத்துச் சான்றிதழும் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஹௌராவில் வந்து இறங்கியவர் அவர். அன்று முதல் எங்கள் குடும்பம் லேக் மார்க்கெட் வட்டாரத்தை விட்டு நகரவில்லை. ஊருக்குக் கொல்கத்தா என்று பெயர் மாறிய பிறகும் எங்கள் வீட்டில் அது கல்கத்தாதான்.

சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டது ஒரு விஞ்ஞானக் கட்டுரை. எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவன், ஆய்வுக்கூடத்திலேயே குடியிருப்பவன், அணுவைப் பற்றி எதையாவது எழுதுவான் என்று எண்ணியிருப்பார். மன்னிக்க வேண்டும். சென்ற இரண்டு மாதங்களாக என் மனத்தில் அணுவைவிட அதிகமாக இடம் பிடித்துக்கொண்டிருந்தவர் கிருஷ்ணன்தான். அதற்குக் காரணம் ஒரு கடிதம். அதைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய இளமைக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கிருஷ்ணனுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்தவர் அவர் தந்தையார் டி. கே. ராமநாதன். அவரும் நல்ல ஆட்டக்காரர். பையன் பள்ளியில் படிக்கும்போதே, கல்லூரி மாணவர்களுக்கு என்று நடந்துவந்த பெர்ட்ராம் போட்டியில் ஆட வேண்டும் என்று சென்னை லயோலாக் கல்லூரி முதல்வரிடம் போய் அனுமதி கேட்டான். 1951-இல் அதை வென்றும் விட்டான். மீசை முளைத்த அண்ணன்மார்கள் வலையின் அந்தப் பக்கம் நின்றபோது அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1953-இல், விம்பிள்டன் சிறுவர் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போனார். ஆங்கிலேயப் பையன் பில்லி நைட்டிடம் தோல்வி. மறு ஆண்டு மீண்டும் போனார். இந்த முறை இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்றார். விம்பிள்டனில் சிறுவர் பட்டம் பெற்ற முதல் ஆசியர் அவரே. பின்னாளில் அவர் மகன் ரமேஷ் 1979-இலும், லியாண்டர் பயஸ் 1990-இலும் அதே பட்டத்தைப் பெற்றார்கள். ஆனால் முதலில் போகிறவனுக்கு முன்னால் பாதை இருப்பதில்லை அல்லவா?

கூப்பர் என்ற அந்தப் பெயரை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிருஷ்ணனிடம் தோற்ற அந்தப் பையன் 1958-இல் விம்பிள்டன் சாம்பியன் ஆனான். உடனே, 1959-இல், தொழில்முறை ஆட்டக்காரனாகிவிட்டான்.

இன்றைய வாசகர்களுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றலாம். இன்று டென்னிஸ் ஆடுகிறவர்கள் பணத்துக்கு ஆடுகிறார்கள்; யாரும் அதைக் குறை சொல்வதில்லை. அன்று அப்படி இல்லை. விம்பிள்டன், டேவிஸ் கோப்பை ஆகிய பெரிய போட்டிகள் எல்லாம் அமெச்சூர்களுக்கு மட்டுமே உரியவை. பணம் வாங்கிக்கொண்டு ஆடுவதாக ஒருவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுகணம் அந்தக் கதவுகள் எல்லாம் அவனுக்கு அடைபட்டுவிடும். அமெரிக்காவில் ஜாக் கிரேமர் என்பவர், தாமே முன்னாள் விம்பிள்டன் சாம்பியன், ஒரு நாடகக் கம்பெனி நடத்துவதுபோலத் தொழில்முறைக் குழு ஒன்றை நடத்தி வந்தார். கோன்சாலஸ், ரோஸ்வால், ஹோட் என்று மகா சூரர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். உள்ளரங்கத் தரையில் கித்தான் விரிப்பை விரித்து, வலையைக் கட்டி ஆட்டம். முடிந்ததும் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர். உலகத்திலேயே சிறந்த ஆட்டம் அங்கேதான் நடந்தது என்பார்கள். ஆனால் கோப்பை இல்லை, கொடி இல்லை.

கிருஷ்ணன் 1959-இல் லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியை வென்றார். உலகத்தின் முன்னணி வரிசையில் அவர் பெயர் வந்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் கிரேமர் அவரை அழைத்தார். மூன்று ஆண்டு ஒப்பந்தம், 1,50,000 டாலர். அப்போது ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏழு லட்சத்துக்கும் மேல். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து வேலைக்குச் சேர்ந்த என் தாத்தாவுக்கு மாதச் சம்பளம் 140 ரூபாய்.

கிருஷ்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த ஒரு வாக்கியத்தைத் தாத்தா சொல்லும் விதமே தனி. கதையின் மற்ற பகுதிகளை வேகமாகச் சொல்லிக்கொண்டு வருவார். இந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். பிறகு மாட்டிக்கொண்டு, "வேண்டாம்னுட்டான்" என்பார். நான் பரீட்சைக்குப் படிக்காமல் விளையாடினாலும் இந்தக் கதை. கடையில் பொம்மைக்கு அழுதாலும் இந்தக் கதை. பொம்மைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வேண்டாம் என்றதன் பலன் உடனே தெரிந்தது. 1960-இல் விம்பிள்டனில் அரை இறுதி வரை வந்தார். அந்த ஆண்டு சாம்பியனான நீல் ஃப்ரேஸரிடம் தோற்றார். 1961-இல் கால் இறுதியில் ராய் எமர்ஸனை நேர் செட்டுகளில் வீழ்த்தி மறுபடியும் அரை இறுதி. இம்முறை ராட் லேவர். அவரே அந்த ஆண்டின் சாம்பியன். இத்தனைக்கும் கிருஷ்ணனின் சர்வீஸ் மென்மையானது. மற்றவர்கள் பீரங்கி வெடிப்பதுபோல அடிக்கும்போது இவர் பந்தை எதிரிக்குப் பரிமாறுவதுபோல அனுப்புவார் என்று தாத்தா சொல்வார். அடுத்த அடியிலிருந்துதான் வித்தை தொடங்கும். பந்து எங்கே விழும் என்று எதிரி கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அது வேறெங்கோ விழுந்து கிடக்கும்.

தாத்தா இதைக் கண்ணால் கண்டது ஒரே ஒரு முறை. 1966-இல் கல்கத்தா சௌத் கிளப் புல்தரையில் பிரேசிலின் தாமஸ் கோச்சுக்கு எதிராக நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டம். வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டம் அது. இரண்டு செட்டுகளைக் கோச் எடுத்துவிட்டார், கிருஷ்ணன் ஒன்று. நான்காவது செட்டில் 5-2 என்று கோச் முன்னணியில். பக்கத்தில் இருந்தவர்கள் பலர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்களாம். தாத்தா ஏன் போகவில்லை? நம்பிக்கையினாலா? "வரிசைக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன், வெளியே வர வழியில்ல" என்று ஒரு முறை உண்மையைச் சொல்லிவிட்டார். கிருஷ்ணன் அந்தச் செட்டை 7-5 என்றும் அடுத்ததை 6-2 என்றும் வென்றார். இந்தியா முதல் முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குப் போனது.

இனி என் கடிதத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் மாதம் பெங்களூரிலுள்ள ஒரு கம்பெனியிலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்தது. புள்ளி விவரங்களை அலசும் வேலை. என் இயற்பியலுக்கும் அதற்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. ஆனால் சம்பளம், ஆராய்ச்சி மாணவனுக்கு அரசாங்கம் மாதந்தோறும் கொடுக்கும் 37,000 ரூபாயைப்போல இரண்டரை மடங்கு. ஆராய்ச்சி உதவித் தொகைக்கான தேர்விலும் நான் தேறியிருந்தேன். கம்பெனிக்காரர்கள் ஜனவரி 20-க்குள் பதில் கேட்டிருந்தார்கள். அப்பாவுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள்தான் உத்தியோகம். வீட்டுக் கடன் ஏழு ஆண்டுகள் பாக்கி. தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்றார். இப்படிச் சொல்கிற அப்பாவை விடக் கண்டிப்பான அப்பா எவ்வளவோ மேல்.

நான் தாத்தாவுக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லப்போனால் யோசனை கேட்பதற்காக அல்ல. கண்ணாடியைத் துடைத்துவிட்டு "வேண்டாம்னு சொல்லிரு" என்பார். அந்தப் பலத்தில் அப்பாவை எதிர்கொள்ளலாம் என்பதுதான் என் திட்டம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "போய்ச் சேரு மக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தாத்தா, கிருஷ்ணன் ஏழு லட்சம் வேண்டாம்னு..."

"அவன் அந்தத் துட்டை வாங்கியிருந்தா விம்பிள்டன் போயிருக்கும். டேவிஸ் கப்பும் போயிருக்கும். இந்த வேலைக்குப் போனா உனக்கு என்னல போகும்?"

பதில் சொல்ல முடியவில்லை. போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தது. பிறகு, ஹாஸ்டல் மொட்டை மாடியில் மூடுபனியில் நின்றுகொண்டிருந்தபோது, அது நியாயமான கேள்வி என்று தோன்றியது. இருபது ஆண்டுகளாக நான் அந்தக் கதையைப் பணத்தை உதறிய கதையாகவே கேட்டு வந்திருக்கிறேன். அவர் அதை வேறு கதையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பணம் கெட்டது என்று கிருஷ்ணன் நினைத்திருக்க வேண்டியதில்லை. கூப்பரோ, பின்னால் 1962 முடிவில் தொழில்முறைக்குப் போன லேவரோ எந்தப் பாவமும் செய்துவிடவில்லை. 1968-இல் விம்பிள்டனே கதவைத் திறந்து எல்லோரையும் ஒன்றாக ஆட விட்டது. லேவர் திரும்பி வந்து அந்த ஆண்டே மறுபடியும் சாம்பியன் ஆனார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 31. சிறந்த நாட்கள் கழிந்துவிட்டன. அவர் கைவிடாமல் காத்த சட்டம், அவர் கண் முன்னாலேயே தேவையில்லாததாகிவிட்டது. இதைத் தாத்தா ஒரு முறைகூடச் சொன்னதில்லை. நானாகப் படித்துத் தெரிந்துகொண்டபோது கொஞ்சம் வலித்தது.

சரி, எனக்கு என்ன போகும்?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் உலோக ஆக்ஸைடுப் பொடியை திரவ நைட்ரஜனில் குளிர வைத்து, அதன்மீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் நிறமாலையைப் பதிவு செய்வது என் வேலை. நவம்பரில் அதில் ஒரு சிறு மேடு தெரிந்தது. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிற மேடு. பேராசிரியர் பார்த்துவிட்டு, "ஏதாவது அழுக்காக இருக்கும்" என்றார். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் இரவில் படுத்தால் அந்த மேடு கண்ணுக்குள் வந்து நிற்கும்.

ஜனவரி 17-ஆம் தேதி இரவு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். முதலில் பொடி இல்லாமல், வெறும் தாங்கியை மட்டும் வைத்துப் பதிவு செய்தேன். மேடு இல்லை. புதிய பொடியை, புதிய புடத்தில், ஏற்கனவே தயாரித்து வைத்திருந்தேன். அதை வைத்தேன். குளிர்வதற்கு ஒன்றரை மணி நேரம். பசி. பையில் இருந்த பிஸ்கட் நமுத்துப் போயிருந்தது. காலை நாலு மணிக்குத் திரையில் கோடு மெல்ல நகர்ந்து வந்தது. அந்த இடம் வந்ததும் மேலே ஏறியது, இறங்கியது.

அது என்ன என்று எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரிந்திருக்கலாம், ஆறு மாதத்தில் எங்கோ ஒரு பழைய கட்டுரையில் அகப்பட்டு என் முகத்தில் கரி பூசலாம். ஆனால் பெங்களூர் போனால் போகப்போவது இதுதான் என்று தெரிந்தது. விம்பிள்டனோடு ஒப்பிட்டால் சிரிப்புக்கு இடமானது. என்னிடம் இருந்தது அதுதான்.

19-ஆம் தேதி கம்பெனிக்கு நன்றி தெரிவித்து எழுதிவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, உதவித் தொகை முதல் மாதத்திலிருந்தே வந்துவிடுமா, தாமதம் ஆகுமா என்று கேட்டார். தாமதமாகும் என்றுதான் சீனியர்கள் சொல்கிறார்கள். அதையும் சொன்னேன். மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து வீட்டுக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நம் சங்க நண்பர்களுக்குத் தெரிந்த வீடு ஏதேனும் இருந்தால் சொல்லவும். கணக்கும் இயற்பியலும் எடுப்பேன்.

தாத்தா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவராகவே போனில் வந்தார்.

"அந்த மேடு இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அப்பா சொல்லியிருக்க வேண்டும்.

"இருக்கு தாத்தா."

"சரி. மெஸ்ஸுல ஒழுங்காச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார்.