பளுவில் வெளிப்படும் பழுது

பலர்க்கும் பணிபுரியும் கணினியொன்று திடீரென நின்றுவிடின், அதனைப் பேணுவோர் முதற்கண் கூறுவது, "பளு மிகுந்துவிட்டது" என்பதேயாம். இக்கூற்று எத்துணையளவு பொருந்தும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கணினியினுள் எண்ணிறந்த நிரல்கள் இயங்கினும், அவற்றிற்கெல்லாம் நினைவகத்தைப் பங்கிட்டளித்து, ஒன்றன் எல்லையுள் மற்றொன்று புகாவண்ணம் காப்பது கெர்னல் என்னும் நடுநிரலேயாகும். ஏனைய நிரல்களுள் ஒன்று பிழைபடின், கெர்னல் அதனை மட்டும் அகற்றி மற்றவற்றைக் காக்கும். கெர்னலே பிழைபடின் அதனைக் காப்பார் ஒருவருமிலர். ஆதலின், 1969-ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸைச் சமைத்தோர், மீளவொண்ணாப் பிழை நேருங்கால் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு இயந்திரத்தை நிறுத்தும் பகுதியொன்றை அமைத்து, அதற்குப் 'பானிக்' எனப் பெயரிட்டனர். 1991-இல் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் அப்பெயரே வழங்குகின்றது.

நிற்க. பிராக்ஸி என்பது, பலருடைய வேண்டுகோளையும் தான் ஏற்று, வெளியிலுள்ள கணினிகளைக் கேட்டு, விடை கொணர்ந்தளிக்கும் தூதனைப் போன்றது. அதனால் ஒரு வேண்டுகோளுக்குப் பெரும்பாலும் இரண்டு இணைப்புகள் வேண்டும். கேட்பவர்பால் ஒன்று, விடையளிப்பவர்பால் மற்றொன்று. ஒவ்வோர் இணைப்புக்கும் கெர்னல் தன் நினைவகத்தில் ஓர் ஏடு திறந்து கணக்கு வைக்கின்றது. இணைப்பை முதலில் மூடிய கணினி, காலந்தாழ்ந்து வரும் பொட்டலங்களைக் கருதி, லினக்ஸாயின் 60 விநாடி வரை அக்கணக்கை அழியாது வைத்திருக்கும். எனவே பயனாளர் நூற்றுவர் ஆயிரவராகப் பெருகுங்கால், கெர்னலின் ஏடுகள் அதனினும் விரைந்து பெருகும்.

யாம் சில காலம் பேணிவந்த பிராக்ஸிக் கணினியொன்று இரவெல்லாம் குறையின்றி இயங்கி, முற்பகலில் பலரும் ஒருங்கே வரும் வேளையில் மட்டும் பானிக்குற்று நின்றது. விண்ணப்பமொன்றிற்கு அது கடைசி நாளாகையால், படிவத்தைப் பாதி நிரப்பியிருந்த மாணவர் பலர் செய்வதறியாது கலங்கினர். எம்முடன் பணிபுரிந்த நண்பருள் ஒருவர், "நினைவகத்தை இரட்டிப்போம்" என்றார். மற்றொருவர், "நின்ற இடம் யாதெனக் காண்போம்" என்றார். நினைவகம் இரட்டிக்கப்பட்டது. கணினி மூன்று நாள் ஓடி, நான்காம் நாள் மீண்டும் நின்றது. திரையில் அது எழுதிய வரிகளோ இருமுறையும் ஒன்றே.

அவ்வரிகளைக் கொண்டு தேடியபோது, பழுது பிணைய அட்டையின் இயக்கு நிரலில் இருந்தமை புலனாயிற்று. பொட்டலம் வந்தவுடன் இயங்கும் அப்பகுதி, நினைவகம் உடனே கிடைக்காவிடின் காத்திருத்தல் இயலாது. பொட்டலத்தைக் கைவிட்டுத் திரும்புதலே முறை. டி.சி.பி. வழக்கப்படி அனுப்பியவரே மீண்டும் அனுப்புவராதலின் அதனால் கேடில்லை. இந்நிரலோ, கிடைக்காத நினைவகத்தைக் கிடைத்ததாகவே கொண்டு எழுதப் புகுந்தது. நெரிசலில்லாத பொழுது நினைவகம் கிடையாமற்போவதில்லை. ஆதலின் அவ்வழியில் ஒருகாலும் சென்றதில்லை. அப்பகுதி திருத்தப்பட்டபின், அதே கூட்டத்தைக் கணினி நில்லாது தாங்கிற்று.

இதனினும் பெரிய சான்று 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிப்பட்டது. நெட்பிளிக்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஜானதன் லூனி, தொலைவிலுள்ளோர் லினக்ஸ் கெர்னலை நிறுத்தக்கூடிய வழியொன்று உண்டெனக் கண்டறிந்தார். அனுப்பவேண்டிய தரவைத் துண்டு துண்டாக எண்ணும் கணக்கில் 65,535-க்குமேல் எழுத இடமில்லை. எதிர்ப்புறத்தார் துண்டின் அளவை மிகச் சிறிதாக்கி, ஒவ்வொன்றிலும் 8 பைட் தரவே செல்லுமாறு செய்யின், 32 கிலோபைட் வீதம் 17 பகுதிகள் சேர்ந்த தொகுப்பில் 69,632 துண்டுகள் அடங்கும். கணக்கு நிரம்பி வழிந்து பொய்யாகும். அப்பொய்யைத் தன் சோதனையிற் கண்ட கெர்னல் நின்றுவிடும். இக்குறை 2009-இல் வெளிவந்த 2.6.29-ஆம் பதிப்பு முதலே இருந்தது. பத்தாண்டு உலகெங்கும் உழைத்த கணினிகளில், எவர் கண்ணுக்கும் படாது உறங்கிக் கிடந்தது.

"அற்றேல், கெர்னல் ஏன் நிற்கவேண்டும்? இயன்றமட்டும் ஓடலாகாதோ?" என வினவலாம். லினக்ஸில் அதற்கும் ஓரளவு இடமுண்டு. சில பிழைகளில், பிழைபட்ட செயலை மட்டும் ஒழித்துத் தொடர்வதா, முழுவதும் நிற்பதா என்பதைப் பேணுவோரே குறிக்கலாம். ஆயின் பேரேட்டில் வரவும் செலவும் ஒவ்வாமை கண்ட கணக்கப்பிள்ளை, அன்றைய கூட்டத்திற்கஞ்சிப் பணத்தை மேலும் வழங்கிக்கொண்டே இருப்பின் வருவது யாது? ஒருவர் தரவு மற்றொருவர் ஏட்டில் ஏறும்; அழிந்தது இன்னதென்று அறியவும் இயலாது. நின்ற கணினியால் ஒரு நாள் வேலை கெடும். பொய்க்கணக்கோடு ஓடும் கணினியால் நம்பிக்கையே கெடும். அன்றியும் நின்றது வாளா நிற்பதில்லை. முன்னரே ஒதுக்கிவைத்த சிறு நினைவகத்தில் இரண்டாவதொரு கெர்னலை எழுப்பி, முதலாவது நின்ற நிலையை உள்ளவாறே பதிந்துவைக்கும் 'கேடம்ப்' என்னும் ஏற்பாடும் லினக்ஸில் உண்டு. பழுதைத் தீர்ப்பார்க்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

மணல்மேல் எழுப்பிய வீடும் கன்மலைமேல் எழுப்பிய வீடும் வெயிற்காலத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வெள்ளம் வந்தவழியே வேறுபாடு விளங்கும். மணலை இட்டது வெள்ளமன்று. ஆகவே பளு வந்து ஒன்று வீழுங்கால், பளுவை நொந்து மீள எழுப்புவதோடு அமையாது, அடித்தளத்தை அகழ்ந்து காண்டலே அறிவுடையார் கடனாம். கல்லூரியை விட்டு உலகின் பெரும்பளுவை ஏற்கச் செல்லும் இளைஞர்க்கும் இது பொருந்துமென்றே கருதுகின்றோம்.