ஓட்டம் தண்டனை அல்ல

என் பணி நிறைவு விழாவில் பேசிய ஒருவர், "டீச்சர் விசில் ஊதினால் பள்ளிக்கூடமே அடங்கும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. பிள்ளைகளை அடக்குவதற்காக நான் இந்த வேலைக்கு வரவில்லை. உடம்பை அசைப்பது சுகம் என்பதை ஒரு பெண் பள்ளியை விட்டுப் போவதற்குள் அவளுக்கு உணர்த்துவதுதான் நான் கற்ற தொழில். ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கியதிலிருந்து நூறாண்டு கண்ட தொழில் இது.

ஆனால் பள்ளியில் உடற்பயிற்சி எதற்குப் பயன்படுகிறது? தாமதமாக வந்தால் கிரவுண்டைச் சுற்றி ஓடு. வீட்டுப்பாடம் எழுதவில்லையென்றால் தோப்புக்கரணம் போடு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. பிரம்பைக் கீழே வைத்தவர்கள் ஓட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அப்படி ஓடி வளர்ந்தவளுக்குப் பின்னாளில் சர்க்கரை வந்து, தினமும் நடக்கும்படி மருத்துவர் சொன்னால், அதையும் தண்டனையாகத்தானே கேட்டுக்கொள்வாள்?

எனக்குக் கடைசிவரை சவாலாக இருந்தவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள். ஏழாம் வகுப்பில் கோ-கோவில் பறந்த பிள்ளை, ஒன்பதில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு "வயிற்று வலி மிஸ்" என்பாள். சோம்பல் என்று சொல்லிவிடலாம், அது பொய். மார்பு வளர்ந்திருக்கும், அதற்கேற்ற உள்ளாடை இருக்காது. துப்பட்டா நழுவும். மதில் மேல் பையன்கள் இருப்பார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராது. இவ்வளவையும் சுமந்துகொண்டு நூறு பேர் பார்க்கக் கடைசி ஆளாக ஓடி வா என்றால் எவள் வருவாள்?

அவர்களுக்காக நடு மைதானத்தை விட்டு, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் வளையப்பந்துக்குக் கோடு போட்டேன். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. வளையத்தைத் தவறவிட்டால் ஒரு புள்ளி போகும், அவ்வளவுதான். எழுந்து வராதவளிடம் ஸ்கோர் எழுதக் கொடுப்பேன். எழுதுகிறவளுக்கு ஆட்டம் புரியும், புரிந்தவளுக்குக் கை சும்மா இருக்காது.

ஓட்டத்தை அதற்குப் பிறகுதான் தொடுவேன். தோழியோடு பேசிக்கொண்டே ஓட வேண்டும். பேச்சு அறுந்தால் நடக்க வேண்டும். ஓடுகிறவளே தன் சிரமத்துக்கு எண் சொல்லும் போர்க் அளவில் 13-ஐத் தாண்ட விடமாட்டேன். முடிவு எப்போதும் இலேசாக இருக்கும். ஸென்கோ, எக்கெகாகிஸ், ஏரியலி மூவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: கடுமையாகத் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்தவர்களுக்கு, படிப்படியாகக் கூட்டியவர்களைவிட அந்தப் பயிற்சி இனிய நினைவாக நின்றது. "இன்னும் ஒரு ரவுண்டு மிஸ்" என்று அவர்கள் கேட்கிற இடத்தில் நிறுத்திவிடுவேன். தீராமல் நிற்கிற அந்த ஆசைதான் மறு பீரியடுக்கு அவர்களைக் கூட்டி வரும். மனம் மாறு என்று உபதேசம் செய்து எவளும் மாறியதில்லை. உடம்புக்கு ஒரு முறை நன்றாக இருந்தால் மனம் தானாகப் பின்னால் வரும்.

இதற்குப் பொறுமை வேண்டும். இப்போது வருகிற இளைய ஆசிரியர்கள் பலர் முதல் வாரமே பீப் ஒலிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டி ஓடவைக்கும் பீப் டெஸ்ட் வைத்து, யார் எந்த லெவல் என்று பட்டியல் ஒட்டிவிடுகிறார்கள். அன்றைக்கே பாதி வகுப்பு மரத்தடிக்குப் போய்விடும். ஜோனல் போட்டிக்கு டீம் தேறினால் போதும், மீதிப் பேர் கை தட்டுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஆண்டு விழாவில் மாஸ் டிரில் செய்து புகைப்படம் எடுத்தால் அந்த ஆண்டின் உடற்கல்வி முடிந்தது.

அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்குக் கிடைப்பதோ வாரத்தில் ஓரிரு பீரியடு. அதையும் கணக்கு டீச்சர் கடனாகக் கேட்பார், திருப்பித் தந்ததே இல்லை. உங்கள் கணக்கு வகுப்பைத் தாருங்கள் என்று நான் போய் நின்றால் என்ன சொல்வார்கள்?

நான் விட்டு வந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அந்தப் பீரியடுகளில் இப்போது கணக்கு நடக்கிறதாம். கணக்கு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கு வராதவளை எழுப்பி மைதானத்தைச் சுற்றி ஓடவிடாதீர்கள். அவள் கணக்கோடு சேர்த்து ஓட்டத்தையும் வெறுத்துவிடுவாள்.