ஒழுகும் கூரையும் ஒத்திவைத்த தீர்மானமும்

தனி வீட்டில் குடியிருப்பவன் கூரை ஒழுகினால் ஏணியைத் தேடுவான். ஒரே கூரையின் கீழ்ப் பலர் குடியிருந்தாலோ, கூரை ஒழுகும்போது எல்லோரும் அக்கிராசனரைத் தேடுவார்கள். இது நாம் அநுபவத்தில் கண்ட உண்மை.

காரைக்காலில் நாம் வசிக்கும் மாடிக் குடியிருப்புக்கு ஒரு சங்கம் உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் அனைவரும் அங்கத்தினர். அக்கிராசனர் உண்டு, காரியதரிசி உண்டு, பொக்கிஷதாரும் தீர்மானப் புத்தகமும் உண்டு. மூன்று வருஷங்களுக்கு முன் மொட்டை மாடியில் மயிரிழைபோல் ஒரு வெடிப்புத் தோன்றியது. கூட்டம் கூடிற்று. "மாடி ஒழுகினால் மேல் வீட்டுக்காரர் அல்லவா செலவழிக்க வேண்டும்?" என்றார்கள் கீழ் வீட்டுக்காரர்கள். "அப்படியானால் கீழே இருக்கும் மோட்டாருக்கு நாங்கள் ஏன் பணம் தரவேண்டும்?" என்றார்கள் மேல் வீட்டுக்காரர்கள். விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம் என்று ஒருவர் பிரேரேபித்தார். ஏகமனதாக நிறைவேறிற்று. மறு வருஷமும் அப்படியே. இரண்டு தடவையும் கை தூக்கியவர்களில் நாமும் ஒருவர்.

வெடிப்போ எந்தத் தீர்மானத்துக்கும் கட்டுப்படவில்லை. கடற்காற்றில் வரும் உப்பு வெடிப்பின் வழியே கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். ஆகவே சுற்றியுள்ள கான்கிரீட்டை நெட்டித் தள்ளிப் பிளக்கிறது. பிளவு பெரிதாக ஆக, உப்புக்கு வழி இன்னும் சுலபமாகிறது. முதலில் ஒரு சட்டிப் பூச்சால் அடைபட்டிருக்கக் கூடியது, பிறகு கம்பியையே மாற்றும் வேலையாகி விடுகிறது.

சென்ற வருஷம் ஐப்பசி மழையில், ஒரு நள்ளிரவு, மேல் வீட்டில் பெரும் சப்தம் கேட்டு ஓடினோம். தளத்தின் அடிப்பாகம் பெயர்ந்து, அங்கே வசிக்கும் மூதாட்டியின் கட்டில்மேல் விழுந்து கிடந்தது. அன்றிரவு அந்த அம்மாள் பேத்திக்குத் துணையாகக் கூடத்தில் படுத்திருந்தார். தலையணையின் மேல் கிடந்த கான்கிரீட் துண்டை நாமே எடுத்துக் கீழே வைத்தோம். இரண்டு தடவை தூக்கிய அதே கை!

மறுநாளே தீர்மானம் நிறைவேறிற்று. ஆனால் பணம் சேரவில்லை. மாதங்கள் ஓடின. "பழைய சந்தாவெல்லாம் என்ன ஆயிற்று?" என்று ஒவ்வொருவரும் மற்றவர் காதில் கேட்டார்கள். யாரும் திருடவில்லை. பொக்கிஷதார் கணக்கு வாசிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பொக்கிஷதார் வேறு யாருமல்ல, நாமேதான்.

இந்தப் பாரத்தோடு இவ்வருஷம் வைகாசியில் கருக்களாச்சேரிக்குப் போயிருந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட விதி. மீனவர்களுக்கு அதுவே பழுது பார்க்கும் காலமும் ஆகும். நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், கரையேற்றிய படகின் நிழலில் அமர்ந்து, பலகை இடுக்கில் பஞ்சு வைத்து அடித்துக்கொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால் கரையைச் சூறையாடிய ஆழிப்பேரலையைக் கண்ணால் கண்டவர்.

நம் சங்கத்தின் கதையைச் சொன்னோம். "ஏன், பெரியவரே, உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் இப்படி ஒத்திவைப்பது இல்லையா?"

"இல்லாமல் என்ன, ஐயா! சண்டையும் உண்டு. ஆனால் கடலில் இருக்கிறபோது ஓட்டையைப் பற்றிக் கூட்டம் போட முடியுமா? கரையில் இருக்கும்போதே அடைத்துவிட வேண்டும். அப்புறம் ஒன்று: வரி கேட்கிறவன் ஊர் நடுவில் நின்று கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த தடவை எவன் கொடுப்பான்?"

நமக்குச் சுருக்கென்றது. இக்கரையின் மீனவக் கிராமங்களில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி வைத்துக் கோயிலையும் பொதுக் காரியங்களையும் நடத்துவது பழைய வழக்கம். அதில் பெண்களுக்கு ஆசனம் கிடைப்பதில்லை என்ற குறை உண்டு. ஆயினும் பெரியவர் சொன்ன நியாயம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமையானது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய வருஷங்களில், உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்களைப் பாருங்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்று குடவோலையால் தேர்ந்தெடுத்தார்கள். பதவி 360 நாட்கள். சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவனே தகுதியுடையவன். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டார்கள். அது அந்தணர் சபை. ஊரார் எல்லோருக்கும் அதில் இடமில்லை. ஆனால் கணக்கைப் பற்றிய அந்த ஒரு விதியை மட்டும் நம் சங்கத்தில் அமல் நடத்தியிருந்தால், நாம் மட்டுமா, நம் மைத்துனரும் வெளியேற வேண்டியதுதான்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று வருஷக் கணக்கையும் வரி வரியாக வாசித்தோம். ரசீது இல்லாத சில்லறைத் தொகை ஒன்று இடித்தது; அதை நம் கையிலிருந்து வைத்தோம். யாரும் கை தட்டவில்லை. ஆனால் அந்த மாதத்துக்குள் பணம் முழுவதும் சேர்ந்துவிட்டது.

இப்போது கொத்தனார் வேலை முடித்துச் சாரத்தைப் பிரித்துவிட்டார். மேல் வீட்டு அம்மாள் மட்டும் கட்டிலை இன்னும் பழைய இடத்தில் போடவில்லை. "ஐப்பசி வந்து போகட்டும், பார்க்கலாம்" என்கிறார். அவர் ஒத்திவைப்பதற்கு மாத்திரம் நாம் ஆட்சேபம் சொல்ல முடியாது.