போ ஆற்றங்கரையில் எட்டு சைக்கிள்கள்

இத்தாலி என்றால் பீசாவின் சாய்ந்த கோபுரமும் போப்பாண்டவரும்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். நாங்கள் அந்த இரண்டையும் பார்க்கவில்லை. பத்து நாட்களும் சுற்றியது வடக்கே, போ ஆற்றுப் படுகையில். நெல்லும் மாடும் திராட்சையும் நிறைந்த சமவெளி அது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர், எங்களில் மூவரின் மனைவியர், ஆக மொத்தம் எட்டுப் பேர். ஒரு நண்பருக்கு இத்தாலியில் வேலை, மொழி தெரிந்தவர். 'மேடே இல்லாத ஊராப் பார்த்துக் கூட்டிட்டுப் போறேன்' என்று அவர் உறுதி கொடுத்த பிறகுதான் முழங்கால் வலிக்காரர்கள் சம்மதித்தார்கள். மேலதிகாரியிடம் அனுமதிக் கடிதம், விசா, வாடகைக்கு பேட்டரி சைக்கிள் என்று எல்லாம் கூடிவர எட்டு மாதம் ஆனது. செலவில் பாதி மகள் தந்தது. மீதியைப் பற்றி எழுதினால் வீட்டில் இன்னொரு கணக்கு கிளம்பும்.

ஆற்றின் பெயரே 'போ'. நீளம் 652 கிலோ மீட்டர், நம் காவிரியைவிடக் குறைவு. மேற்கே ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, கிழக்கே கடலில் கலக்கிறது. இருபுறமும் மண் கொட்டி உயர்த்திய கரை. அந்தக் கரைமேல் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கீழே தாழ்ந்து கிடக்கும் வயல்கள். பயணத்தின் பாதி இப்படிக் கரைமேல்தான். கரை உடைந்தால் என்ன ஆகும் என்பது பார்த்ததுமே புரிந்துவிடும். 1951 நவம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அப்படித்தான் உடைந்து, பெரும் வெள்ளத்தில் ஏராளமானோர் ஊரையே விட்டுப் போனார்கள். 2022-ல் நிலைமை தலைகீழ். எழுபது ஆண்டுகளில் காணாத வறட்சி. இரண்டாம் உலகப் போரில், 1943-ல் மூழ்கிய சரக்குப் படகு ஒன்று மணலில் வெளியே தெரிந்ததாம். அடுத்த வருடம் மே மாதம், அதே மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் மறுபடி வெள்ளம். காய்ச்சலும் பாய்ச்சலும் நமக்கு மட்டும் வாய்த்ததல்ல.

முதல் நாள் வெரோனா நகரத்திலிருந்து தெற்கே இசோலா டெல்லா ஸ்காலா என்ற ஊருக்குப் போனோம். செப்டம்பர் மாதம், நெல் பழுத்து நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் நெல்லில் ஏறத்தாழ பாதி இத்தாலியில்தான் விளைகிறது. பெரும்பகுதி இன்னும் மேற்கே, வெர்செல்லி, பாவியா வட்டாரங்களில். இசோலாவில் பயிரிடுவது 'வியலோனே நானோ' என்ற குட்டையான, உருண்டை அரிசி ரகம். புவிசார் குறியீடு பெற்றது. வருடத்துக்கு ஒரே போகம். சித்திரை, வைகாசியில் நேரடி விதைப்பு, புரட்டாசியில் அறுப்பு. நாற்றங்கால் இல்லை, நடவு இல்லை. லேசர் கருவியால் சமப்படுத்திய வயல், ஓரத்தில் பூமிக்கடியிலிருந்து ஊறும் தெளிந்த நீர் ஓடும் வாய்க்கால். அந்த அரிசியை இறைச்சிச் சாறில் வேகவைத்து, சீஸ் போட்டுக் குழைத்துத் தருகிறார்கள். 'ஏங்க, இது நம்ம குழைஞ்ச பொங்கல்தானே' என்றார் என் மனைவி. பெயர் ரிசோட்டோ. பொங்கலுக்கு இருக்கிற மிளகு வாசம் அதற்கு இல்லை.

இந்த நெல் வயல்களில் முன்பு களையெடுத்தவர்கள் பெண்கள். 'மொந்தினே' என்று பெயர். ஏழைக் கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ரயிலேறிப் போய், முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று சுமார் நாற்பது நாள் வேலை. 1900-களின் தொடக்கத்தில் வெர்செல்லியில் வேலைநிறுத்தம் செய்து, எட்டு மணி நேர வேலை நாளைப் போராடிப் பெற்றவர்கள் இவர்கள்தான். பிறகு களைக்கொல்லி வந்தது, அந்த வேலையே மறைந்தது. இப்போது களைக்கொல்லிக்கும் அசையாத குதிரைவாலிப் புல் வந்திருக்கிறது. வரப்போரம் அந்தப் புல்லைப் பார்த்ததும் எங்கள் ஐந்து பேருக்கும் பழைய வகுப்பறை ஞாபகம் வந்து, அங்கேயே அரை மணி நேரம் நின்று விவாதித்தோம். மனைவிமார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள்.

மறுநாள் பெஸ்கியேரா என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து மின்சியோ ஆற்றோரமாகவே மாந்தோவாவுக்கு. நாற்பத்து சொச்சம் கிலோ மீட்டர், கார் நுழையாத பாதை. வழியில் போர்கெத்தோ என்ற சிற்றூரில் தண்ணீர் விசையில் சுற்றிய பழைய மாவு ஆலைகள் இருக்கின்றன. மாந்தோவா நகரத்தை மூன்று பக்கம் ஏரி சூழ்ந்திருக்கிறது. அந்த ஏரியில் தாமரை! சும்மா ஒன்றிரண்டு இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் இலை. ஆசியாவிலிருந்து கிழங்கு கொண்டுவந்து நூறு வருடம் முன்பு விட்டார்களாம். இப்போது ஏரியை அடைக்கிறது என்று வருடாவருடம் இயந்திரம் விட்டு வெட்டுகிறார்கள். ஆகாயத்தாமரையோடு போராடும் நம் ஏரிக்காரர்களுக்கு இது புரியும்.

மாந்தோவாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் கி.மு. 70-ல் பிறந்தவர் கவிஞர் வெர்ஜில். உழவைப் பற்றி 'ஜார்ஜிக்ஸ்' என்று நான்கு பாகங்களில் பாட்டு எழுதினார். பயிர், மரமும் கொடியும், கால்நடை, தேனீ என்று பாகத்துக்கு ஒன்று. பயறு வகையை மாற்றிப் பயிரிட்டால் நிலம் இளைப்பாறும் என்பதை அப்போதே சொல்லியிருக்கிறார். அறுத்த தாளைக் கொளுத்துவது நல்லது என்றும் சொல்கிறார். அதை மட்டும் நான் எங்கள் வட்டாரத்தில் சொல்ல முடியாது.

போ ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்தால் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்கள். இங்கேதான் நான் அதிகம் பார்க்க வேண்டியிருந்தது. காரணம் என் அண்ணன். ஆறு கறவை வைத்திருந்தவர், போன தை மாதம் நான்கை விற்றுவிட்டார். தீவன விலை ஏற ஏற, பால் விலை கொழுப்புச் சதத்தையும் எஸ்.என்.எஃப்-ஐயும் காட்டி இறங்கிக்கொண்டே இருந்தது. நான் கிளம்பும்போது, 'அங்க பாலுக்கு என்ன வெலை குடுக்குறாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வா, வேற ஒண்ணும் வேண்டாம்' என்றார்.

நொவெல்லாரா அருகே ஒரு பண்ணைக்குப் போனோம். கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தவர் தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர். இந்தப் படுகையின் பல மாட்டுக் கொட்டகைகளில் வேலை செய்பவர்கள் பஞ்சாபியர். நொவெல்லாராவில் பெரிய குருத்வாராவே இருக்கிறது, 2000-ம் ஆண்டு திறந்தது. எங்களில் டெல்லியில் வேலை பார்த்த நண்பர் இந்தியில் பேச்சுக் கொடுத்தார். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு கறவை, மாலை ஒரு கறவை. கிறிஸ்துமஸ் அன்றும் மாடு விடுமுறை தராது. இந்த ஊர்ப் பையன்கள் வர மாட்டார்கள் என்றார் அவர். 'உங்கள் மகன்?' என்று கேட்டோம். 'கம்ப்யூட்டர் படிக்கிறான், மாட்டுப் பக்கமே வர மாட்டான்' என்று சிரித்தார். சொந்த ஊரில் அவருக்கு நான்கு ஏக்கர் கோதுமை நிலம், குத்தகைக்கு விட்டிருக்கிறார்.

மாடுகளுக்கு முன்னால் கிடந்தது காய்ந்த குதிரைமசால். பச்சையாகக் குழியில் போட்டுப் பதப்படுத்தும் ஊறுகாய்ப் புல் அங்கே கிடையாது, வாங்கி வைக்கவும் கூடாது. அது சட்டம். அந்த வட்டாரத்தில் செய்யும் 'பார்மிஜானோ ரெஜ்ஜானோ' சீஸுக்கு ஊறுகாய்ப் புல் தின்ற மாட்டின் பால் ஆகாது. நாள்பட வைத்தால் சீஸ் உப்பி வெடிக்குமாம். தீவனத்திலும் பெரும்பகுதி அந்த மாவட்டங்களிலேயே விளைந்ததாக இருக்க வேண்டும்.

அந்தப் பால் போகிற ஆலையைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தோம். முந்தைய மாலைப் பாலை அகலத் தட்டில் இரவு முழுக்க விட்டு, மேலே திரளும் ஆடையை வெண்ணெய்க்கு எடுத்துவிடுகிறார்கள். மிச்சத்தோடு காலைப் பாலைக் கலந்து பெரிய செப்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். காய்ச்சாத பால். முதல் நாள் பிரிந்த தெளிநீரை எடுத்து வைத்து உறை ஊற்றுகிறார்கள், நம் வீட்டு உறைமோர் போலவேதான். பிறகு கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். இதைக் கேட்டதும், மூன்று நாட்களாகச் சாப்பாட்டில் சீஸைத் தூவித் தூவிச் சாப்பிட்ட எங்கள் சைவ நண்பரின் முகம் மாறியது. அன்றிலிருந்து அவருக்குத் தக்காளியும் ரொட்டியும்தான்.

ஒரு கொப்பரைக்கு இரண்டு உருளை. உருளை ஒன்று சுமார் 40 கிலோ, அதற்கு 500 லிட்டருக்கு மேல் பால். உப்புத் தண்ணீரில் சுமார் மூன்று வாரம் ஊறி, பிறகு மர அடுக்கில் ஏறுகிறது. குறைந்தது பன்னிரண்டு மாதம், பெரும்பாலும் இருபத்து நான்கு. வருடம் முடிந்ததும் சோதகர் சிறு சுத்தியலால் ஒவ்வோர் உருளையாகத் தட்டி, சத்தம் கேட்டே உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார். தேறியதற்குச் சூடு வைத்து முத்திரை. தேறாததன் மேலிருக்கும் பெயரைச் சுரண்டிவிடுவார்கள். பிரிந்த தெளிநீர் பன்றித் தீவனம். அந்தப் பன்றித் தொடைதான் பார்மாவின் புகழ்பெற்ற உப்பிறைச்சி.

பால் ஊற்ற வந்திருந்த விவசாயி ஒருவரிடம் அண்ணன் கேட்டதைக் கேட்டேன். அறுபது வயதிருக்கும், அறுபது மாடு வைத்திருக்கிறார். 'இந்த வருடப் பாலுக்கு என்ன விலை என்று எனக்கே தெரியாது' என்றார்.

நண்பர் மொழிபெயர்த்ததும் நான் மறுபடி கேட்கச் சொன்னேன். அதே பதில். ஆலை, பால் ஊற்றும் விவசாயிகளின் கூட்டுறவு. இன்றைய பால் சீஸாகி, முதிர்ந்து, விற்று முடிந்த பிறகு, செலவு போக மிஞ்சுவதுதான் பாலின் விலை. நடுவில் முன்பணம் வரும். எத்தனை உருளை செய்யலாம் என்பதையும் 1934-ல் தொடங்கிய கூட்டமைப்பு திட்டமிடுகிறது. சுமார் 300 ஆலைகள், 2,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள், ஒரே பெயர். அந்தப் பெயரை வெளியாள் யாரும் வைக்க முடியாது.

இரண்டு வருடம் பணம் முடங்கிக் கிடக்குமே என்றேன். அதற்கு வங்கி இருக்கிறது. அங்கே ஒரு வங்கி பல பத்தாண்டுகளாகச் சீஸ் உருளையை ஈடாக வாங்கிக் கடன் கொடுக்கிறது. நகைக்கு லாக்கர் மாதிரி, சீஸுக்குக் கிடங்கு. நம் ஊரிலும் கிடங்கில் வைத்த நெல்லுக்கும் மஞ்சளுக்கும் ரசீதின் பேரில் கடன் உண்டு. ஆனால் எங்கள் வட்டாரத்தில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் விரல்விட்டு எண்ணுமளவுதான். எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2012 மே மாத நிலநடுக்கத்தில் அடுக்குகள் சரிந்து லட்சக்கணக்கான உருளைகள் தரையில் கொட்டின. சிறு பண்ணைகள் வருடத்துக்கு வருடம் மூடிக்கொண்டுதான் போகின்றன. அந்த விவசாயிக்கும் மகன் மிலானில் வேலை.

இன்னொன்று. ரெஜ்ஜானா என்ற செந்நிற நாட்டு மாடு, 1980-களில் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. பால் குறைவு என்று கழித்துக்கட்டப்பட்ட இனம். சில விவசாயிகள் அதன் பாலைத் தனியாக எடுத்து, தனிச் சீஸ் செய்து, கூடுதல் விலைக்கு விற்றார்கள். இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நாட்டு மாட்டைக் காப்பாற்றக் கண்காட்சியும் பரிசும் போதாது, அதன் பாலுக்குத் தனி வாங்குபவர் வேண்டும் என்று நான் கூட்டங்களில் சொல்லிவருவதுதான். பார்த்த பிறகு இன்னும் உரக்கச் சொல்வேன்.

மோதெனாவில் திராட்சைச் சாற்றைப் பதநீர் காய்ச்சுவதுபோல் காய்ச்சி, பரணில் வெவ்வேறு மரப் பீப்பாய்களில் பன்னிரண்டு வருடத்துக்குக் குறையாமல் வைத்துக் காடி செய்கிறார்கள். பெண் குழந்தை பிறந்தால் ஒரு பீப்பாய் வரிசை தொடங்கிச் சீராகக் கொடுப்பது பழைய வழக்கமாம். பொலோன்யாவில் எல்லோரும் தூண் வைத்த நடைபாதைகளையும் சாய்ந்த இரட்டைக் கோபுரங்களையும் படம் எடுத்தார்கள். எனக்குப் பிடித்தது நகர மாளிகைச் சுவர். பழைய காலத்து அடி, கோல், செங்கல், ஓடு அளவுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சந்தைக்கு வருபவர் ஏமாறாமல் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள. நம் கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலைப் பொறித்து வைத்ததும் இதற்குத்தான். ஃபெராராவில் எழுபது வயதுப் பாட்டிகள் காய்கறிக் கூடையோடு எங்களை முந்திப் போனார்கள். கடைசியில் வெனிஸ். அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை, முழங்கால்களுக்கு ஓய்வு.

ஊர் திரும்பி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'ரெண்டு வருசம் வெலை தெரியாம பால் ஊத்தறதுக்கு, ஊத்தறவன் எல்லாம் ஒருத்தனை ஒருத்தன் நம்போணும்ப்பா' என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அந்தக் குதிரைமசால் நம்ம கெணத்துத் தண்ணிக்கு வருமா?' என்று கேட்டார்.

புரட்டாசிக் கடைசியில் பத்து சென்ட் விதைத்தோம். ஏக்கருக்கு 8 கிலோ விதைக் கணக்கில் 800 கிராம். ரகம் கோ-1. விதைத்த 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 25 முதல் 30 நாளுக்கு ஒரு முறை. மூன்று, நான்கு வருடம் நிற்கும். தண்ணீர் தேங்கும் நிலத்தில் போடாதீர்கள். அறுத்ததை அப்படியே மாட்டுக்குப் போட்டால் வயிறு உப்பிவிடும், வாடவைத்து வைக்கோலோடு கலந்து போடுங்கள். அண்ணன் வயலில் மார்கழிக் கடைசியில் முதல் அறுப்பு அறுத்தோம். இரண்டு மாட்டுக்கு அது தாராளம். மூன்றாவது மாட்டுக்கு ஈரோடு சந்தையில் விலை கேட்டு வைத்திருக்கிறார்.